எந்த ஈயம்?

“படிச்ச பிள்ளை எண்டு ஊரே கொண்டாடிச்சுது. கடைசியிலை இஞ்சை வந்து படி கழுவத்தானே அந்தப் படிப்பு உதவுது?”

நான் இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த முதல் கிழமையில் என் மச்சாள் கேட்ட கேள்வி இது. மச்சாள் என்றால் அண்ணனின் மனைவி. கேட்டது 1995ஆம் ஆண்டு, ஒரேத்தோ தெருவில் நாங்கள் குடியிருந்த நாலாம் மாடி வீட்டின் குசினியில். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் என் கையில் அப்போது உண்மையிலேயே ஒரு வாளியும் துடைப்பமும் இருந்தன. அன்று காலையில்தான் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளை மேலிருந்து கீழாகக் கழுவிவிட்டு வந்திருந்தேன்.

எங்களுடையது தீவுப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் தன் பெயரை எழுதப் பழகியதோடு கடலுக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை இருந்தது நான் ஒருத்திதான். உயர்தரத்தில் இரசாயனம் படித்தேன். பெறுபேறு வந்த அன்று அப்பா அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். அதற்குப் பிறகு சண்டை, இடப்பெயர்வு. பல்கலைக்கழகம் போவது நடக்கவில்லை. அண்ணன் கூப்பிட்டார், வந்தேன். அதனால்தான் மச்சாளின் கேள்வி அப்படிச் சுட்டது. இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று ஒருநாள் இவருக்குக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

காட்டுவதற்கான நாள் அடுத்த வருடம் வசந்தகாலத்தில் வந்தது.

மச்சாளுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. இரண்டாம் மாதம் தொடங்கியதும் பின்னேரங்களில் அழ ஆரம்பித்தாள். காலிரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து அழுவாள். மணிக்கணக்காக அழுவாள். கீழ் வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டுவார். மச்சாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு அறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்.

“ஒரு போத்தில் ஓமத்தண்ணி இருந்தால் காணும். எங்கடை பிள்ளையள் எல்லாம் அதைக் குடிச்சுத்தானே வளந்ததுகள்.”

ஓமம் ஸ்டேஷன் பக்கத்துக் கடை ஒன்றில் கிடைத்தது. ஓமத்தண்ணீர் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து எதையும் கொண்டுவரப் பாதை இல்லாத காலம் அது. நான் ஓமத்தை அவித்து வடிகட்டிக் கொடுத்தேன். மச்சாள் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“இது கசாயம். போத்தில் தண்ணி வெள்ளையாய் இருக்கும். மூடியைத் திறந்தால் மணம் மூக்கிலை ஏறும்.”

“அது காய்ச்சி வடிக்கிறது மச்சாள். ஆவியைப் பிடிச்சுக் குளிர வைக்கிறது. நான் செய்து தாறன்.”

“நீயோ?”

அந்த “நீயோ” போதும். காய்ச்சி வடித்தலை என் செய்முறைக் கொப்பியில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். கொதிகலம், குழாய், குளிர்நீர், சேரும் பாத்திரம். எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இவற்றில் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆசிரியர் கரும்பலகையில் வரைவார், நாங்கள் பார்த்து வரைவோம். கோடு நேராக இருந்தால் மதிப்பெண். இப்போது அதை உண்மையாகவே செய்யப் போகிறேன் என்று நினைக்க உடம்பெல்லாம் ஒரு துள்ளல்.

பாத்திரமும் தானாக வந்தது. பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் வேலை செய்தேன். பழைய பெரிய வீடு. அந்த வசந்தத்தில் நிலவறையைத் துப்புரவாக்கும்போது ஒரு செம்புப் பாத்திரம் வெளியே வந்தது. வயிறு பருத்த பானை, அதற்கு ஒரு குவிந்த மூடி, மூடியிலிருந்து நாரையின் அலகுபோல நீண்டு சரியும் குழாய். நான் கொப்பியில் வரைந்த படமே எழுந்து வந்ததுபோல இருந்தது. சிஞ்ஞோராவின் மாமனார் காலத்தில் தோடம்பூவில் வாசனைத் தண்ணீர் வடித்த லம்பிக்கோவாம், வடிகலம். மூடியும் குழாயும் சேரும் இடம் வெடித்துப் போயிருந்தது. உள்ளே பச்சைக் களிம்பு.

“எடுத்துக்கொண்டு போ. ஆனால் பெர் பெல்லெத்ஸா மட்டும்” என்றார் சிஞ்ஞோரா. அழகுக்கு மட்டும். பூ வைக்கலாம், சமைக்காதே என்பது அர்த்தம். நான் தலையாட்டினேன்.

பலெர்மோ ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த ஒருவர், “சிஞ்ஞோரினா, என்ன வியாபாரம்? கொஞ்சம் எங்களுக்கும் போடுங்கள்” என்று கையை நீட்டினார். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

“உதென்ன தங்கச்சி?”

“ஓமத்தண்ணி வடிக்க, அண்ணை.”

“உதைக் கண்டால் ஓமத்தண்ணி எண்டு ஆர் நம்புவினம்? கசிப்புச் சாராயம் காய்ச்சுறம் எண்டுதான் நினைப்பாங்கள். பொலிஸ் வந்தால் பெர்மெஸ்ஸோ போச்சு. எனக்கும் போச்சு, உனக்கும் போச்சு.”

பெர்மெஸ்ஸோ என்பது இங்கே இருக்க எங்களுக்குத் தரும் அனுமதித் தாள். அதைப் புதுப்பிக்க குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் விடியற்காலையிலிருந்து நிற்பவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும். ஆகவே ஒருவருக்கும் சொல்லாமல் செய்வது என்று முடிவாயிற்று. பின்னால் வந்த வினையில் பாதி இந்த முடிவால் வந்தது.

மீதிப் பாதி முழுக்க என்னுடையது.

களிம்பைப் போக்குவது எனக்குத் தெரியும். பழப்புளியும் உப்பும் போட்டு விளக்கினேன். புளி முடிந்ததும் எலுமிச்சம்பழத்தால் தேய்த்தேன். இரண்டு பின்னேரத்தில் பாத்திரம் புதுச்செம்பாய்ச் சிவந்தது. இனி வெடித்த இடத்தை ஒட்ட வேண்டும், மூடிக்குள் ஈயம் பூச வேண்டும். எங்கள் ஊரில் செம்பிலோ பித்தளையிலோ சமைப்பதென்றால் உள்ளே ஈயம் பூசியே சமைப்பார்கள். ஈயம் பூசாத பாத்திரம் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லும் பேச்சு. அதை நான் கேள்வியே கேட்கவில்லை.

ஈயத்துக்கு இத்தாலிய மொழியில் என்ன? என்னிடம் இரண்டு அகராதிகள் இருந்தன. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒன்று, ஆங்கிலத்திலிருந்து இத்தாலியனுக்கு ஒன்று. ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கினேன். “பியோம்போ” என்று வந்தது. எத்தனை பேர் இங்கே சைகை காட்டிச் சாமான் வாங்குகிறார்கள், நான் சரியான சொல்லோடு போகிறேன் என்று ஒரு நிமிர்வு.

நகரின் பிரான்காச்சோப் பகுதியில் தகரமும் செம்பும் ஒட்டித் தரும் சிறிய பட்டறை ஒன்று இருந்தது. பஸ்ஸில் போனேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மூக்கு நுனியில் கரி, பாத்திரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல லம்பிக்கோ. என்ன செய்யப் போகிறீர்கள்?”

அண்ணனின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. “பெர் பெல்லெத்ஸா” என்றேன். சிஞ்ஞோரா தந்த சொல் கைவசம் இருந்தது.

“உள்ளேயும் பூச வேண்டுமா? அழகுக்கு எதற்கு உள்ளே?”

“பூசுங்கள்.”

“ஸ்தாஞ்ஞோவா?”

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. “இல்லை. பியோம்போ” என்று அவரைத் திருத்தினேன். அவர் தோளைக் குலுக்கினார். அழகுக்கு வைக்கும் பாத்திரத்துக்கு எது பூசினால் அவருக்கு என்ன? செய்து தந்தார். இனி எப்போதாவது ஒட்டு விட்டால் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று மிஞ்சிய உலோகத்திலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றையும் பொதிந்து தந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மத்தியான வேலைக்கு உணவகத்துக்குப் போய்விட்டார். நான் காலையிலேயே தொடங்கிவிட்டேன். மூடியின் உட்பக்கத்தைக் குழந்தையின் வெள்ளைத் துணி ஒன்றால் துடைத்து, துணியை அழுக்குக் கூடையில் போட்டேன். ஓமமும் தண்ணீரும் பானையில். குழாயைச் சுற்றி ஈரத்துணி. குழாயின் நுனியில், குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நின்ற போத்தல். மெல்லிய நெருப்பு.

முதல் துளி விழுந்தபோது நான் கத்தியே விட்டேன். மச்சாள் ஓடி வந்து பார்த்தார். தண்ணீர் தெளிவாக, ஊசியாய் மணத்தது. அவர் மூக்கை வைத்து மணந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அதே மணம் பிள்ளை. அப்பிடியே அதே மணம்.”

அந்த நிமிடத்தில் என்னை நானே எவ்வளவு மெச்சிக்கொண்டேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் சட்டைப் பையில் இருந்த தாளுக்கு இன்றைக்குத்தான் விலை வந்தது என்று நினைத்தேன்.

பின்னேரம் மூன்றரை மணிபோல் அரைப் போத்தல் சேர்ந்துவிட்டது. குழந்தை முனகத் தொடங்கினாள். கரண்டியை வெந்நீரில் போட்டு எடுத்து வைத்தேன். மச்சாள் பல்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து துணிதான், போட்டுவிட்டு வந்து கொடுக்கிறேன் என்றார். பிறகு அங்கிருந்தே கூப்பிட்டார்.

“பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா. இந்தத் துணியாலை என்னத்தைத் துடைச்சனீ?”

“மூடியின்ரை உள்பக்கம். ஏன்?”

“இது குண்டுக்கறை.”

“என்ன குண்டு?”

“வலைக்குண்டு. உன்ரை அண்ணை கடலாலை வந்து கழட்டிப் போடுற சேட்டிலை இதே கறைதான் இருக்கும். எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் போகாது.” துணியை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் பென்சிலால் கிறுக்கியதுபோல ஒரு தடம்.

“ஈயம் பூசினது மச்சாள். கொஞ்சம் ஒட்டும்தானே.”

“பாத்திர ஈயம் துணியிலை பிடியாது. அது வெள்ளி மாதிரி மினுங்கும். எங்கடை வீட்டுக்கு ஈயம் பூச வாறவர் அந்தக் கம்பியை எங்கடை காதுக்குக் கிட்டப் பிடிச்சு மடிப்பார். கீச்செண்டு கத்தும். நாங்கள் இன்னொருக்கா, இன்னொருக்கா எண்டு கேப்பம். வலைக்குண்டு ஈயம் கத்தாது. செத்த மீன்போலக் கிடக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உலோகம் எங்கையாவது கத்துமே மச்சாள்? நான் ஏ.எல்.லிலை இரசாயனம் படிச்சனான்.”

குழந்தையின் முனகல் இப்போது அழுகையாகிவிட்டது. மச்சாள் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துணியைக் கொடியில் போட்டுக் கவ்வியைக் குத்தினார்.

“ஓம், நீ படிச்சனீ. உனக்குத் தெரியாததே எனக்குத் தெரியப்போகுது.”

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு வருடமாக என் படிப்பைக் கிண்டல் செய்த மனுஷி, அன்று அதை நம்பினார். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை மடியில் படுக்கவைத்துக்கொண்டார். போத்தலைச் சரித்துக் கரண்டியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, அழுகை சற்று அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போனேன். ஜன்னல் ஓரத்தில் அந்த விரல் நீளத் துண்டு கிடந்தது. ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. மச்சாள் சொன்னது பிழை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் எடுத்திருப்பேன். காதோடு வைத்து மடித்தேன். வெண்ணெய்போல மடங்கியது. நிமிர்த்தி இன்னொரு முறை மடித்தேன்.

அந்த அறையில் குழந்தை கத்திக்கொண்டிருந்தாள். ஈயம் கத்தவில்லை.

விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் சாம்பல். அப்பா வலைக்குக் குண்டு கோத்துவிட்டு வரும்போது இருக்கும் அதே விரல்கள். அப்போதுதான் வேறு ஏதோ ஒரு பக்கம் எனக்குள் திறந்தது. ஈயம். அதன் இலத்தீன் பெயர் பிளம்பம். நச்சு உலோகம், உடலில் தங்கும், சிறு குழந்தைகளின் மூளையையும் நரம்பையும் கெடுக்கும். இந்த வரிகளைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். பிளம்பமும் பியோம்போவும் ஒரே சொல் என்று அந்த ஜன்னலடியில்தான் உறைத்தது. புத்தகத்தில் இருந்த ஈயத்தை ஓர் அலமாரியிலும், வீட்டுப் பாத்திரத்தில் இருந்த ஈயத்தை இன்னோர் அலமாரியிலும் வைத்துப் பூட்டியிருந்தேன். பாத்திரத்துக்குப் பூச ஏற்ற வெள்ளீயம் என்ற வேறு உலோகமும் அதே பாடத்தில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பாத்திரத்துக்குப் பூசுவதும் ஈயம், வலையில் கட்டுவதும் ஈயம்.

“குடுக்காதேங்கோ மச்சாள்! குடுக்காதேங்கோ!”

நான் ஓடிப்போய் அவர் கையைத் தட்டிய வேகத்தில் கரண்டி சுவரில் பட்டுத் தெறித்தது. தண்ணீர் குழந்தையின் கழுத்துத் துணியில் கொட்டியது. அவள் திடுக்கிட்டு அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். மச்சாளும் பார்த்தார்.

“உள்ளை போச்சுதே? ஒரு சொட்டெண்டாலும் போச்சுதே?”

“இல்லை. வாயிலை வைக்கேல்லை. என்னடி, என்ன நடந்தது?”

சொன்னேன். மச்சாள் குழந்தையின் உதட்டைத் தன் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது. கழுத்துத் துணியை அவிழ்த்து எறிந்தார், முகத்தையும் கழுத்தையும் கழுவினார், பிறகு தன்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் போத்தலைக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, குசினித் தரையில் உட்கார்ந்து அழுதேன். இப்போது சொல்லப்போகிறார், படிச்ச பிள்ளையின் லட்சணத்தைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் குழந்தையோடு வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“எனக்குக் கறை தெரிஞ்சுது. அது நஞ்செண்டு தெரியேல்லை. நீ இப்ப சொல்லித்தான் தெரியும்.” குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, “மூக்கைத் துடை. உன்னைப் பாத்துப் பிள்ளை பயப்பிடுறாள்” என்றார்.

அடுத்த நாள் மருத்துவரிடம் போனோம். மொழிபெயர்ப்பு எப்போதும் என் வேலை. அன்றைக்கு என் பிழையையும் நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். அந்த மருத்துவர் அம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் உள்ளே போகாததால் பயமில்லை என்றார். இந்த வயதில் தாய்ப்பாலைத் தவிர எந்தத் தண்ணீரும் வேண்டாம், இந்த அழுகை ஓரிரு மாதத்தில் தானாக நிற்கும், ஓமம் வேண்டுமென்றால் தாய் கொஞ்சம் குடிக்கட்டும் என்றும் சொன்னார். படியிறங்கும்போது மச்சாள், “அப்ப நான் குடிக்கிறன். ஆனால் நீ ஒழுங்காய் வடிச்சுத் தா” என்றார்.

திரும்பவும் அதே பாத்திரத்தில் செய்யச் சொல்கிறார். எனக்கு அதைத் தொடவே பயம். “வேண்டாம் மச்சாள், எறிஞ்சு விடுவம்.”

“பாத்திரம் என்ன பிழை செய்தது?”

பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பாத்திரம் என் மடியில் கல்லாகக் கனத்தது. பட்டறைக்காரர் என்னைக் கண்டதும், “மறுபடியும் பெல்லெத்ஸாவா?” என்று சிரித்தார்.

“இல்லை. பெர் பேரே” என்றேன். குடிப்பதற்கு.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். “யார் குடிப்பதற்கு?”

“குழந்தை. இரண்டு மாதம். குடிக்கவில்லை. கரண்டிவரை வந்தது.”

அவர் உள்ளங்கையால் நெற்றியில் அறைந்துகொண்டார். “சிஞ்ஞோரினா! நீங்கள் பெல்லெத்ஸா என்று சொன்னீர்கள்! ஸ்தாஞ்ஞோவா என்று நான் கேட்டேனா இல்லையா?”

“கேட்டீர்கள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது.”

“தெரியாது என்று சொல்வதற்கு என்ன?”

அவர் பதிலுக்காக நிற்கவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கம்பியை எடுத்து என் காதருகே பிடித்து மடித்தார். கீச்சென்று, எலிக்குஞ்சுபோல அது கத்தியது. “ஸ்தாஞ்ஞோ. இது அழும். பியோம்போ அழாது” என்றார். ஸ்தாஞ்ஞோ என்றால் வெள்ளீயம். பட்டறையின் இரைச்சலுக்கு நடுவில் நான் மச்சாளின் குரலைத்தான் கேட்டேன்.

பிறகு, அந்த மூடியை இனிப் பழுது பார்க்க முடியாது என்றார். ஈயம் உருகி ஓடிய இடம் எது, ஓடாத இடம் எது என்று அவராலேயே உறுதி சொல்ல முடியாதாம். யாரும் தவறுதலாகக்கூட எடுத்துப் பாவிக்காதபடி அதைச் சுத்தியலால் தட்டையாக்கிப் போட்டார். புது மூடியும் குழாயும் செய்து, ஈயமே சேராத, வெள்ளி கலந்த பற்றாசால் ஒட்டினார். உள்ளே எதுவும் பூசவில்லை. சுத்தமான செம்பே போதும், வடிக்கும் பாத்திரத்துக்கு உள்பூச்சு யார் கேட்டது என்றார். நான்தான் கேட்டிருந்தேன்.

பானையையும் விளக்கில் பிடித்துப் பார்த்தார். பழைய பாத்திரம் என்றால் மூட்டு இருக்கும் இடத்தை நகத்தால் கீறிப் பார்க்கவேண்டுமாம். சாம்பல் நிறமாய், நகம் பதியும் மென்மையாய் இருந்தால் அது பியோம்போ. இது என்ன பாத்திரம், முன்பு இதில் என்ன இருந்தது, யார் எதால் ஒட்டியது என்று தெரியாமல் எதையும் வடிக்காதீர்கள், சந்தேகம் என்றால் உண்மையாகவே பூ வையுங்கள் என்றார். எங்கள் பானையில் பிழையான மூட்டு இல்லை. முதல் இரண்டு தடவை வெறும் தண்ணீர் ஊற்றி வடித்துக் கொட்டச் சொன்னார். குழாயின் வாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும், மூடி சேரும் இடத்தை மாவு குழைத்துத்தான் அடைக்க வேண்டும், உள்ளே ஆவி முட்டினால் மாவு வழிவிடும் என்றும் சொன்னார். இதை வீட்டில் சொன்னபோது மச்சாள், “புட்டுப்பானைக்குச் சீலை சுத்துற மாதிரி” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் புறப்படும்போது பட்டறைக்காரர் விரலை ஆட்டினார். “ஆனால் கிராப்பாச் சாராயம் வேண்டாம். அதற்கு வேறு ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள்.”

“கசிப்பு இல்லை” என்றேன் தமிழில். அவருக்கு எப்படியோ விளங்கியது.

குழந்தையின் அழுகை மருத்துவர் சொன்னபடி தானாக நின்றது. மச்சாள் மட்டும் அது தான் குடித்த ஓமத்தண்ணீரால் நின்றது என்று இன்றைக்கும் சாதிக்கிறார். நான் மறுப்பதில்லை. அவளுக்கு இப்போது இரண்டு வயது. என்னை “மாமி” என்று தமிழிலும் “வியேனி”, அதாவது வா, என்று பலெர்மோ இழுவையிலும் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போகிறாள். சில நேரம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கரண்டி சுவரில் பட்ட சத்தம் எனக்குக் கேட்கும்.

போன மாதம் எங்களோடு படி கழுவும் ஓர் அக்கா மூச்சு முட்டி விழுந்துவிட்டார். கறை போகவில்லை என்று வரெக்கீனாவையும் அச்சிதோவையும் ஒரே வாளியில் ஊற்றியிருக்கிறார். ஒன்று வெளுக்கிற திரவம், மற்றது அமிலம். சேர்ந்தால் நச்சுப்புகை. நல்ல காலம், வெளியே தூக்கிக்கொண்டு வந்ததும் தெளிந்துவிட்டார். “இரண்டும் மருந்துதானே எண்டு ஊத்தினன்” என்றார். எங்கள் ஆட்கள் எல்லாப் போத்தலையும் மருந்து என்றுதான் சொல்கிறார்கள். ஈயம் போல.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய தாளை எடுத்துக் குசினி மேசையில் விரித்தேன். ஒரு பக்கம் போத்தலிலும் கடையிலும் இருக்கும் இத்தாலியச் சொல், அதே எழுத்தில். மறுபக்கம் தமிழ். புத்தகத் தமிழை எழுதிவிட்டு மச்சாளிடம் வாசித்துக் காட்டுவேன். “இதை ஆர் இப்பிடிச் சொல்லுறது?” என்று கேட்டு, எங்கள் பெண்கள் சொல்லும் சொல்லைச் சொல்வார். அதையும் பக்கத்தில் எழுதுவேன். அந்தச் சொல் இரண்டு சாமானுக்குப் பொருந்தினால் அங்கே நிறுத்தி, இரண்டையும் பிரித்து, எது நஞ்சு, எது எதனோடு சேரக்கூடாது என்று சிவப்பில் எழுதுவேன். பதினேழு சொற்கள் வந்தன. கடைசிச் சொல்லை எழுதி முடித்தபோது மச்சாள் தாளை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பாத்தியே, கடைசியிலை உன்ரை படிப்பு படி கழுவத்தான் உதவுது.”

“ஓம் மச்சாள்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

எனக்குத் தெரிந்த ஒரு சொல் அடுத்தவருக்கும் அதே பொருளைத்தான் தருகிறதா என்று கேட்காமல் இப்போதெல்லாம் நான் எதையும் தெரியும் என்று சொல்வதில்லை. நேற்று ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் அந்தத் தாளைக் கோயில் மண்டபக் கதவில் ஒட்டிவிட்டு வந்தோம். அதன் முதல் வரியில் ஈயம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.